பெயரின் வாலில் ஒரு கனி

நீலகிரியின் ஓவேலியில் பலா பழுத்த சேதி முதலில் எட்டுவது யானைக்குத்தான். வாசம் பிடித்து வீட்டு வாசல் வரை வந்துவிடும். அதனால்தான் கூடலூர்ப் பக்கம் காயாக இருக்கும்போதே பலாவை வெட்டி இறக்கச் சொல்கிறார்கள். அந்த மரத்துக்கு அறிவியல் வைத்த பெயர் ஆர்ட்டோகார்ப்பஸ் ஹெட்டிரோஃபில்லஸ். பிள்ளைகள் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துபோகும் பெயர். அதில் வரும் 'கார்ப்பஸ்' என்ற ஈற்றின் பொருள் தெரிந்துவிட்டால் பல மரங்களின் பெயர் பாதி புரிந்துவிடும். முதலில் சில தவறான எண்ணங்களைக் களைவோம்.

நம்பிக்கை: தாவரங்களின் அறிவியல் பெயர்கள் எல்லாம் லத்தீன்.
உண்மை: இலக்கணம் லத்தீன், சொற்களில் பல கிரேக்கம். கிரேக்கத்தில் 'கார்ப்போஸ்' என்றால் கனி, விளைச்சல். லத்தீன் சட்டை போட்டதும் அது 'கார்ப்பஸ்' ஆனது. 'ஆர்ட்டோஸ்' என்றால் ரொட்டி. ஆக, ஆர்ட்டோகார்ப்பஸ் என்பது ரொட்டிக்கனி.

நம்பிக்கை: பலாச்சுளையைப் பார்த்துத்தான் ரொட்டி என்றார்கள்.
உண்மை: பெயர் பெற்றது ஈரப்பலா. கேப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் (1772–75) உடன் சென்ற ஃபார்ஸ்டர்கள், தந்தையும் மகனும், பசிபிக் தீவு மக்கள் சுட்டுத் தின்னும் அந்தக் காய்க்கு வைத்த பெயர் இது. நம் பலா அதே பேரினம் என்பதால் பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது.

நம்பிக்கை: மணிக்கட்டு எலும்பைக் குறிக்கும் 'கார்ப்பல்' என்பதும் இதே சொல்தான்.
உண்மை: ஒலி ஒன்று, சொல் வேறு. கிரேக்கத்தில் மணிக்கட்டுக்கும் 'கார்ப்போஸ்' என்றே பெயர். தமிழில் ஓடுகிற ஆறும் எண்ணுகிற ஆறும் போல.

நம்பிக்கை: 'கார்ப்பஸ்' என்று முடிந்தால் எல்லாம் ஒரே குடும்பம்.
உண்மை: ஈறு சொல்வது உறவை அல்ல, காயின் சாயலை. வேங்கை டெரோகார்ப்பஸ், 'சிறகுக்கனி'. அதன் காயைக் கையில் எடுத்தால் தெரியும்: நடுவில் விதை, சுற்றிலும் காகிதம் போன்ற வட்டச் சிறகு. அது அவரைக் குடும்பம். சேங்கொட்டை செமிகார்ப்பஸ், 'குறிக்கனி'. அதன் சாற்றால் சலவைத் தொழிலாளர்கள் துணிக்கு அழியாத கருங்குறி இட்டார்கள். அது மாவின் குடும்பம். ருத்ராட்சம் எலியோகார்ப்பஸ், 'ஒலிவக்கனி'. பலாவோ அத்தியின் சொந்தம்.

நம்பிக்கை: பலா ஒரே பழம்.
உண்மை: அது ஒரு பூங்கொத்து முழுதும் சேர்ந்து பழுத்தது. ஒவ்வொரு சுளையும் ஒரு பூவிலிருந்து வந்தது. சுளைகளுக்கு நடுவே நாம் பிய்த்துப் போடும் சடை, சூல்கொள்ளாமல் போன பூக்கள். மேலே இருக்கும் முள் ஒவ்வொன்றும் ஒரு பூவின் நுனி.

பெயர் வைத்தவர்கள் காயைக் கண்ணால் பார்த்து வைத்தார்கள். நம் முன்னோரும் அதையே செய்தார்கள். அவர்கள் 'கார்ப்பஸ்' என்ற இடத்தில் இவர்கள் 'கொட்டை' என்று சொல்லிச் சேங்கொட்டை ஆக்கினார்கள். ஆகவே, பிள்ளைக்குப் பெயரை ஒப்பிக்கக் கற்றுத்தருவதற்கு முன் ஒரு வேங்கைக் காயைக் கையில் கொடுங்கள். அந்தச் சிறகைத் தடவிப் பார்த்த விரல் டெரோகார்ப்பஸை மறக்காது.