இறுகிய பாறைதான் வெடிக்கும்
மாலை வகுப்பு நடத்த வந்திருக்கும் இளையவர்களுக்கு

மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் லைன் வீடுகளுக்கு நடுவே மாலை வகுப்பு தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளே, கணக்கும் இங்கிலீஷும் சொல்லித்தர உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது பிள்ளைகளின் மனசைப் பற்றி. 2001 பிப்ரவரி 28-ல் கோலார் தங்க வயல் (கே.ஜி.எஃப்.) சுரங்கத்தை மூடிய பிறகு நம் ஊரின் பிழைப்பு பெங்களூருக்குப் போய்விட்டது. விடியுமுன் ரயிலேறுகிற அப்பா அம்மாக்கள் பலர் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளை தன் அன்றைய சுகதுக்கத்தைச் சொல்லக் கிடைக்கும் முதல் பெரியவர், பல நாள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

1. பிள்ளையைக் கல்லாக்க முயலாதீர்கள்.
‘இதுக்கெல்லாமா அழுவாங்க? சுரங்கத்துல உழைச்சவன் பேரனாச்சே நீ’ என்று அதட்டுவது நம் ஊர் வழக்கம். சுரங்கமே அதற்கு மாறான பாடத்தைத்தான் சொல்கிறது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே நம்மவர்கள் அதிகம் அஞ்சியது பாறை வெடிப்புக்கு. பழையவர்கள் ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். இளகிய பாறை அழுத்தம் ஏறும்போது கொஞ்சம் கொஞ்சமாக நெளிந்து கொடுத்துவிடும். கெட்டியான பாறை முழுப் பாரத்தையும் உள்ளேயே வைத்திருந்து ஒரு நொடியில் சிதறும். அழாத பிள்ளையைப் பார்த்து ‘தைரியசாலி’ என்று நிம்மதி அடையாதீர்கள். அதன் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

2. சொன்ன நேரத்துக்கு வாருங்கள்.
ஹவாய் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் தம் குழுவினரோடு பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் நோய் என்று பல இடர்கள் சேர்ந்த வீடுகளில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நல்லபடி தலையெடுத்தார்கள். அவர்களுக்குப் பொதுவாக அமைந்திருந்த துணைகளில் முக்கியமானது, மாறாத அன்புள்ள ஒரு பெரியவர். அது பாட்டியாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம், டீச்சராகவும் இருக்கலாம். ஆகவே வாரத்தில் மூன்று நாள்தான் முடியும் என்றால் மூன்று நாள் என்றே சொல்லுங்கள். அந்த மூன்று நாளும் தவறாதீர்கள். வர முடியாத நாளை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே ஜன்னலைப் பார்த்துக் காத்திருந்து பழகிய பிள்ளைகள் இவர்கள்.

3. உணர்ச்சிக்குப் பேர் வைக்கக் கற்றுக்கொடுங்கள்.
சின்னப் பிள்ளைக்குப் பயம் வந்தால் ‘வயிறு வலிக்குது’ என்று சொல்லும். ஏக்கம் வந்தால் பக்கத்துப் பிள்ளையை அடிக்கும். அடித்ததை நிறுத்துங்கள். பிறகு, ‘அப்பா நேத்தும் தூங்கின பிறகுதான் வந்தாரா? கோபமா, இல்ல வருத்தமா?’ என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுங்கள். தான் படுவதைச் சொல்லால் சொல்லத் தெரிந்த பிள்ளை கையால் சொல்வதைக் குறைத்துக்கொள்ளும். கோபம் வருவது தப்பில்லை, கோபத்தில் கல்லெடுப்பதுதான் தப்பு என்று இரண்டையும் பிரித்துக் காட்டுங்கள்.

4. வயசுக்குத் தக்க உண்மையைச் சொல்லுங்கள்.
கல்தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் நம் ஊரில் எத்தனையோ தாத்தாக்களைக் கொண்டுபோயிருக்கிறது. செத்துப்போனவரை ‘ஊருக்குப் போயிருக்காரு’ என்று சொன்னால் பிள்ளை தினமும் வாசலைப் பார்க்கும். போதாக்குறைக்கு, தான் செய்த குறும்பால்தான் தாத்தா போய்விட்டார் என்றும் அதுவாக எண்ணிக்கொள்ளும். ‘தாத்தா இறந்துட்டாரு. அவரு நெஞ்சுல ரொம்ப நாளா நோவு இருந்துச்சு. உன்னால எதுவும் ஆகல’ என்று நேராகச் சொல்லுங்கள். அதே கேள்வியை மறுபடி மறுபடி கேட்கும். அலுக்காமல் அதே பதிலைச் சொல்லுங்கள். அப்பாவின் கடனையும் குடியையும் பற்றிக் கேட்டாலும் இதுதான் முறை. விவரம் வேண்டாம், பொய்யும் வேண்டாம்.

5. சின்னச் சின்னத் தோல்விகளைத் தடுக்காதீர்கள்.
கணக்கு வரவில்லை என்றதும் பென்சிலைப் பிடுங்கி நீங்களே போட்டுக்காட்ட வேண்டாம். ‘எதுவரைக்கும் சரியா வந்துச்சு?’ என்று கேட்டு அங்கிருந்து தொடங்க விடுங்கள். ‘நீ புத்திசாலி’ என்பதைவிட, ‘மூணு தடவ அழிச்சு எழுதினே, விடல பாத்தியா’ என்பது அடுத்த கணக்குக்கும் உதவும்.

6. ஊர்க்கதையை முழுசாகச் சொல்லுங்கள்.
எமரி பல்கலைக்கழகத்தின் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் இருவரும் ஆராய்ந்தபோது, தன் குடும்பக் கதையை அதிகம் அறிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் கூடுதலாக இருந்தது. வாழ்ந்ததும் விழுந்ததும் எழுந்ததும் சேர்ந்த கதை அது. நம் பிள்ளைகளோ கே.ஜி.எஃப். என்றால் சினிமா என்கிறார்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து, தட்டி வீடுகளில் குடியிருந்து பூமிக்கடியில் இறங்கியவர்களின் வாரிசு அவர்கள் என்று சொல்லுங்கள். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் இது. 1930-ல் நிர்வாகம் கைரேகை எடுக்க வந்தபோது நாங்கள் குற்றவாளிகளா என்று தொழிலாளர்கள் வேலையை நிறுத்திய ஊர். 1946 நவம்பர் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேரைப் பறிகொடுத்த ஊர். சுரங்கம் மூடியதையும் அதற்குப் பிறகு நம்மவர்கள் பிழைத்துக்கொண்டதையும் விட்டுவிடாதீர்கள்.

7. உங்கள் கைக்கு மிஞ்சியதை மறைக்காதீர்கள்.
ஒரு பிள்ளைக்குத் தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால், பிடித்த விளையாட்டிலிருந்தே ஒதுங்கினால், ‘நான் இருந்து என்ன’ என்று ஒரு தடவை சொன்னாலும் வீட்டாரிடம் பேசுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழைத்தால் காசில்லாமல் ஆலோசனை கிடைக்கும். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்றே மனநலப் பிரிவு இருக்கிறது. அடியோ தகாத தொடுகையோ நடப்பதாகத் தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். ‘உன்னைக் காப்பாத்துறவங்ககிட்ட மட்டும் சொல்வேன்’ என்று சொல்லுங்கள்.

8. தாங்கக் கூடாததைத் தாங்கச் சொல்லாதீர்கள்.
இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். சாதியைச் சொல்லி ஒரு பிள்ளையைப் பின்வரிசையில் உட்காரவைத்தால், ‘பொறுத்துக்கோ, மனசைத் திடமா வெச்சுக்கோ’ என்று சொல்வது பாடமாகாது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போங்கள். அதன் கண்ணெதிரே மரியாதையாக, குரல் தணியாமல் கேளுங்கள். எதைப் பொறுக்க வேண்டும், எதை எதிர்க்க வேண்டும் என்று பிரித்தறிவதும் மனவலுதான். 1930-ல் நம் முன்னோர் அதைச் செய்து காட்டினார்கள். இப்போது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பது உங்களை.