மீன் என்னும் பெயரும் சீலகாந்த் மீனும்

நீரில் வாழ்ந்து, செவுளால் மூச்சுவிட்டு, செட்டையால் நீந்தும் முதுகெலும்புடைய உயிர்களைப் பொதுவாக மீன் என்கின்றோம். சுறாவும் மீன், சாளையும் மீன். ஒரு பெயர் பெற்றமையால் இவையாவும் ஒரே குலத்தனவென்று கருதுதல் இயல்பே. அக்கருத்துப் பொருந்துமாவென்று சீலகாந்த் என்னும் மீனைக்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

பாறைகளிற் பதிந்த எச்சங்களால் மட்டுமே அறிஞர் இவ்வினத்தை அறிந்திருந்தனர். ஏறக்குறைய 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்குமுன் இது பூண்டற்றுப் போயிற்றென்பது அவர் துணிபு. 1938-ஆம் ஆண்டு டிசம்பரில், தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்திற்கு வந்த மீன்பிடி கப்பலொன்றில், நீலநிறமும் 5 அடி நீளமுமுள்ள புதுமையான மீன் ஒன்று கிடந்தது. அவ்வூர்ப் பொருட்காட்சிச்சாலையைக் கவனித்துவந்த மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் அம்மையார் அதனைக் கண்டெடுத்துக் காத்தார். ஆயினும் உடல் அழுகத் தொடங்கவே உள்ளுறுப்புக்கள் எறியப்பட்டன. அவர் வரைந்தனுப்பிய படத்தால் அதன் இனத்தை உணர்ந்த ஜே. எல். பி. ஸ்மித் என்பார், அம்மையார் பெயரையும் சலும்னா ஆற்றின் பெயரையும் இணைத்து, 1939-இல் லாட்டிமேரியா சலும்னே எனப் பெயரிட்டார். இழந்த உள்ளுறுப்புக்களை ஆராய்தற்கு, 1952-இல் கொமொரோத் தீவுகளருகே மற்றொன்று அகப்படுமளவும் 14 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

இனி உறுப்பமைப்பை நோக்குவோம். சாளையின் செட்டை, மெல்லிய முட்கள் தாங்கிய விசிறி போன்றது. சீலகாந்தின் இணைச்செட்டைகளோ தசையும் எலும்பும் கொண்ட தண்டுகளின்மேல் அமைந்தவை. நம் புயம் ஒரே எலும்பால் தோளிற் பொருந்துமாறு போல, அதன் முன்செட்டையும் ஒரே எலும்பால் தோளிற் பொருந்துகின்றது. நீந்துங்கால் வலப்புறத்து முன்செட்டையும் இடப்புறத்துப் பின்செட்டையும் ஒருங்கே அசையும். நாற்கால் விலங்கின் நடையும் அத்தகையதன்றோ?

தாடையுடைய மீன்களுள் இன்று வாழ்வன மூன்று கிளையின. சுறாவும் திருக்கையும் குருத்தெலும்பு மீன்கள். சாளை, கெண்டை முதலியன முட்செட்டை மீன்கள். சீலகாந்தும் நுரையீரல் மீன்களும் தசைச்செட்டை மீன்கள். தவளை முதலிய நாற்காலுயிர்களும், அவற்றின் வழிவந்த பாம்பும் பறவையும் மக்களும் இம்மூன்றாங் கிளையினின்றே தோன்றியமையின், சீலகாந்திற்குச் சாளையினும் நாமே நெருங்கிய உறவினர். எனினும் அது நமக்கு மூதாதையன்று, தாயாதியே. 2013-இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி, நுரையீரல் மீனே நமக்கு இன்னும் அணிய தாயாதியெனக் காட்டிற்று.

ஆகவே மீன் என்பது வாழ்க்கை முறையைக் குறிக்கும் பெயரேயன்றிக் குலத்தைக் குறிக்கும் பெயரன்று. சோதனைச்சாலையில் மீனை அறுக்குங்கால், புறவடிவை மட்டும் நோக்கி அமையாது, செட்டையின் அடியிலுள்ள எலும்பையும் நோக்குவோமாக. உறவை உரைப்பது அதுவே.