பூமிக்கு அடியில் தோண்டினால் மேலே உள்ள தண்ணீர் எங்கே போகும்?

இந்த முறை எனக்குக் கிடைத்த தலைப்பு நிலக்கரிச் சுரங்கம். 'கரின்னா கறுப்பா இருக்கும், இதுல என்ன எழுதுறது'ன்னு முதலில் சலிப்பாத்தான் இருந்தது. படிச்ச பிறகு எழுத இந்தத் தாள் பத்தலை.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வுலன்காங் என்ற ஊர் இருக்கிறது. அதன் பக்கத்தில் டென்ட்ரோபியம் என்ற நிலத்தடிச் சுரங்கம். (டென்ட்ரோபியம் என்பது ஆர்க்கிட் பூச்செடி இனத்தின் பெயர். கரிச் சுரங்கத்துக்குப் பூப் பேரு!) இங்கே எடுப்பது முக்கியமாக இரும்பு உருக்க உதவும் கோக் கரி.

அந்தப் பகுதியில் ஏவன், கார்டோ என்று இரண்டு அணைகள். இரண்டும் 1920-களில் கட்டி முடித்தவை. சிட்னி, வுலன்காங் பக்கத்து மக்களுக்குக் குடிதண்ணீர் தரும் நீர்ப்பிடிப்புப் பகுதி அது. தண்ணீர் கெடக்கூடாது என்று அனுமதி இல்லாமல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். ஆனால் அடியில் கரி எடுக்கிறார்கள்!

எப்படி எடுக்கிறார்கள் தெரியுமா? பல் வைத்த பெரிய உருளை கரிச் சுவரைச் சுரண்டிக்கொண்டே போகும். இரும்புத் தூண்கள் கூரையைத் தாங்கும். கரி எடுத்ததும் தூண்கள் முன்னால் நகரும், பின்னால் கூரை இடிந்து விழும். வேண்டுமென்றேதான் விழ விடுகிறார்கள்.

அதற்கு மேலே என்ன ஆகும்? அறிவியல் சாரிடம் கேட்டேன். "செஞ்சு பாரும்மா" என்றார். ஒரு தட்டில் மூணு டஸ்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே ஈரக் களிமண் அப்பி, ஓடை மாதிரி கோடு கீறித் தண்ணீர் விட்டோம். முதல் டஸ்டரை உருவினோம், ஒண்ணும் ஆகலை. ரெண்டாவதை உருவினதும் நடுவில் லேசாகக் குழிந்து முடி மாதிரி விரிசல். மூணாவதை உருவினதும் ஓடையில் தண்ணியே காணோம்!

அங்கே மலைமேல் சதுப்பு நிலங்களும் உண்டு. மழைத் தண்ணீரைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு, வறண்ட காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடும். அடியில் விரிசல் விட்டால் சதுப்பும் காய்ந்துவிடும்.

சுரங்கத்தை விரிவாக்க சவுத் 32 என்ற நிறுவனம் அனுமதி கேட்டது. 2048 வரை 7 கோடியே 80 லட்சம் டன் கரி எடுக்கத் திட்டம். கரி எடுக்கும் ஒவ்வொரு பட்டையின் அகலமும் 305 மீட்டர் வரை. எங்கள் கணக்கில் மூணு டஸ்டரையும் உருவுற மாதிரி!

அனுமதி சும்மா கிடைக்காது. சுற்றுச்சூழல் அறிக்கை எழுதி எல்லோரும் பார்க்க வைக்க வேண்டும். மக்கள் கருத்து சொல்லலாம். இதில் ஒரு வேடிக்கை. மாநிலத் திட்டத் துறை அனுமதி தரலாம் என்றது. அணைகளைப் பார்த்துக்கொள்ளும் வாட்டர் என்.எஸ்.டபிள்யூ கூடாது என்றது. ரெண்டும் அரசாங்கம்தான்! முடிவு சுயேச்சைத் திட்ட ஆணையத்திடம் போனது. குடிநீர் ஆதாரத்துக்குத் திரும்பச் சரிசெய்ய முடியாத பாதிப்பு வரலாம் என்று 2021 பிப்ரவரியில் ஆணையம் மறுத்துவிட்டது.

படிச்சதும் கைதட்டத் தோணுச்சு. ஆனால் எங்க அப்பா கல்குவாரிக்குப் போறவர். குவாரி மூடுற மாசம் மளிகைக் கடையில் கடன் சொல்லித்தான் அரிசி வாங்குவோம். அந்தச் சுரங்கத்திலும் அப்பாக்கள் இருப்பாங்க இல்லையா? இரும்பு ஆலைக்கும் கரி வேணும். அதனால் "நல்லா வேணும்"னு எழுத எனக்குக் கை வரலை. பட்டையைக் குறுக்கி, கொஞ்சமா எடுத்தால் பள்ளமும் குறையும். ஒரு டஸ்டரோடு நிறுத்தினா ஓடை இருக்கே!

கதை அதோட முடியலை. 2021 டிசம்பரில் மாநில அரசு அதை முக்கியத் திட்டம் என்று அறிவித்து மறுபடி வழி திறந்தது. பிறகு 2022 ஆகஸ்டில் நிறுவனமே, போட்ட பணத்துக்கு லாபம் போதாது என்று விரிவாக்கத்தைக் கைவிட்டது. ஏற்கெனவே அனுமதி இருந்த பகுதியில் மட்டும் வேலை தொடர்ந்தது.

களிமண் தட்டு அறிவியல் அறையில் ஜன்னலோரம் இருக்கு. பார்க்க ஆசைப்படுறவங்க சாப்பாட்டு மணி அடிச்சதும் வாங்க. டஸ்டரை மட்டும் திருப்பி வச்சிடுங்க, கணக்கு டீச்சர் தேடுறாங்க.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி