உடலசைவும் ஆளுமையும்: தில்லைக் கோபுரக் கரணச் சிற்பங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

உடலசைவு ஒருவரின் ஆளுமையைப் புலப்படுத்தும் என்பதும், ஆணின் அசைவும் பெண்ணின் அசைவும் இயல்பிலேயே வேறானவை என்பதும் நெடுங்காலமாக நிலவிவரும் கருத்துகள். தொல்காப்பியத்தின் களவியல், மெய்ப்பாட்டியல் செய்திகளையும், சிலப்பதிகாரம் சுட்டும் பதினோராடலையும், சிதம்பரம் நடராசர் கோயில் கோபுரங்களில் அமைந்த கரணச் சிற்பங்களையும் கொண்டு இக்கட்டுரை அக்கருத்துகளை மறுபரிசீலனை செய்கிறது.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, கரணம், ஊர்த்துவ தாண்டவம், பதினோராடல், தெருக்கூத்து, நடை.

முன்னுரை

தில்லையில் சிவனும் காளியும் ஆடிய போட்டி நடனத்தைப் பற்றிய தலபுராண வழக்கு யாவரும் அறிந்தது. இருவரும் நிகராகவே ஆடிவந்த நிலையில் சிவன் ஒரு காலைத் தலைக்கு மேல் உயர்த்தி ஆடினார். நாணத்தால் காளி அவ்வாறு ஆடாது நின்றாள். தோற்றவளாகக் கருதப்பட்டு ஊரின் வடபுறத்தே கோயில் கொண்டாள். நடராசர் கோயிலின் நிருத்த சபையில் ஊர்த்துவ தாண்டவ மூர்த்தி இன்றும் காட்சி தருகிறார். காளிக்கு ஆற்றல் இல்லை என்று இக்கதை கூறவில்லை என்பது நோக்கத்தக்கது. அசைவு அவளுக்கும் கைவருவதே. அதைச் செய்வது பெண்ணின் பண்புக்குப் பொருந்தாது என்பதே கதையின் தீர்ப்பு. ஆகவே உடலின் எல்லையாக இங்குக் காட்டப்படுவது உண்மையில் வழக்கத்தின் எல்லையே.

தொல்காப்பியம் காட்டும் உறவு

களவியல், ஆணுக்குப் பெருமையையும் உரனையும், பெண்ணுக்கு அச்சம், நாண், மடன் ஆகியவற்றையும் உரிய பண்புகளாக வகுக்கிறது. பண்பு அகத்தது, அதை அறியப் புறத்தே ஓர் அடையாளம் வேண்டும். அவ்வடையாளங்களின் இலக்கணமே மெய்ப்பாட்டியல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எட்டும், ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் தோன்ற முப்பத்திரண்டாக விரிகின்றன. இவ்வெட்டில் பால் பிரிவினை இல்லை என்பதைப் பலரும் போதிய அளவு கவனிப்பதில்லை. அச்சம் ஆணுக்கும் உண்டு. பெருமிதம் பெண்ணுக்கும் உண்டு.

பால் வேறுபாடு காதல் சார்ந்த மெய்ப்பாடுகளிலேயே நுழைகிறது. கூந்தலை விரித்தல், காதணி ஒன்றைக் கழலவிடுதல், அணிகளைத் தடவுதல், உடையைத் திருத்தி உடுத்தல், இரு கைகளையும் உயர்த்துதல் போன்ற நுண்ணிய அசைவுகளை உரையாசிரியர்கள் தலைவிக்கு உரியனவாக விளக்குவர். வாய்திறந்து வேட்கையை உரைத்தல் மரபன்று என்று விலக்கப்பட்ட பெண்ணுக்கு உடலே மொழியாகிறது. எனவே இவ்வசைவுகளின் மிகுதியைப் பெண்ணியல்பு என்பதைவிட, பேச்சு மறுக்கப்பட்டதன் விளைவு என்பதே பொருந்தும். இயலின் இறுதியில் தொல்காப்பியர், கண்ணாலும் செவியாலும் கூர்ந்துணரும் அறிவுடையார்க்கல்லது மெய்ப்பாட்டின் பொருள்கோள் அரிது என்கிறார். அசைவின் பொருள் காண்பாரையும் சார்ந்தது என்னும் எச்சரிக்கை இதனுள் அடங்கியிருக்கிறது.

ஆடுபவளும் ஆடலும்

சிலப்பதிகாரத்து மாதவி ஐந்தாம் ஆண்டில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் ஆண்டில் அரங்கேறினாள். பதினோராடலை நின்றாடல் ஆறு, வீழ்ந்தாடல் ஐந்து எனப் பகுப்பர். அல்லியம், கொடுகொட்டி, குடை, குடம், பாண்டரங்கம், மல் ஆகிய நின்றாடல்கள் ஆறும் சிவன், திருமால், முருகன் ஆகிய ஆண் தெய்வங்களுக்கு உரியவை. கொற்றவையின் மரக்கால், திருமகளின் பாவை, இந்திராணியின் கடையம் ஆகிய மூன்றும் வீழ்ந்தாடலில் அடங்குகின்றன. காமன் பேடியுருக் கொண்டு ஆடிய பேடும் அவற்றோடு சேர்கிறது. ஆண் தெய்வம் தன் உருவிலேயே ஆடியது அப்பிரிவில் முருகனின் துடி ஒன்றே. நிமிர்ந்து நிற்றலை ஆணுக்கும், வளைந்து வீழ்தலைப் பெண்ணுக்கும் பேடிக்கும் சார்த்தும் ஒரு போக்கு இப்பகுப்பில் தென்படுகிறது. ஆனால் பதினொன்றையும் ஆடிக்காட்டுபவள் மாதவி என்னும் ஒரே பெண். மல்லனின் அசைவும் பாவையின் அசைவும் ஓருடலில் பயிற்சியால் கூடுகின்றன. துடி என்ற விதிவிலக்கைவிட, மாதவியே இப்பகுப்புக்கு வலுவான மறுப்பு.

கோபுரச் சான்று

நாட்டிய சாத்திரத்தின் நான்காம் அத்தியாயம் 108 கரணங்களை விளக்குகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்தில் இவற்றுள் 81 கரணங்களைச் சிவனே ஆடுவதாகச் செதுக்கியுள்ளனர். தில்லையில் நான்கு கோபுர வாயில்களிலும் கரணச் சிற்பங்கள் உள்ளன. கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் உரிய நாட்டிய சாத்திரச் சுலோகங்களும் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. இங்கு ஆடுவோர் பெண்கள். கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலம் கோயில் கோபுரத்திலும் கரணச் சிற்பங்களைக் காணலாம்.

லலாட திலகம் என்னும் கரணத்தில் பாதம் நெற்றியளவுக்கு உயர்கிறது. தில்லைக் கோபுரத்தில் இதை ஆடுபவளும் பெண்ணே. காளி எதைச் செய்ய நாணினாள் என்று உள்ளே கதை சொல்கிறதோ, அதைப் பெயர் அறியா ஆடல்மகள் ஒருத்தி வாயிலிலேயே செய்துகொண்டிருக்கிறாள். அவள் முகத்தில் நாணமும் இல்லை, நாணமின்மையின் குறியும் இல்லை. கரணங்கள் நிலைகள் அல்ல, அசைவுகள் என்று ஆய்ந்து நிறுவி, அவற்றைத் தம் உடலிலேயே மீட்டெடுத்து ஆடிய பத்மா சுப்ரமணியமும் பெண்ணே.

இதன் மறுபக்கத்தை வடமாவட்டத் தெருக்கூத்தில் காணலாம். அங்குப் பெண் வேடத்தை ஆண்களே கட்டுவது நெடுங்கால மரபு. கட்டை வேடக்காரர் சுழன்றாடும் அதே களரியில், இன்னோர் ஆண் சேலை உடுத்துத் திரௌபதியாக நடக்கிறார். விரித்த கூந்தல் மெய்ப்பாட்டியலில் வேட்கையின் குறி; கூத்தில் திரௌபதியின் விரித்த கூந்தல் வெகுளியின், வஞ்சினத்தின் குறி. ஒரே அசைவு, பொருளோ சூழலால் வேறாகிறது.

உளவியல் ஆய்வுகள்

ஆல்போர்ட், வெர்னன் இருவரும் 1933இல் வெளியிட்ட நூலில் நடை, சைகை, கையெழுத்து ஆகியவற்றுக்கும் ஆளுமைக்குமுள்ள தொடர்பை ஆராய்ந்தனர். 1973இல் யோகான்சன், இருளில் உடல் மூட்டுகளில் பொருத்திய ஒளிப்புள்ளிகளின் அசைவைக் கொண்டே நடக்கும் மனிதரைக் காண்போர் அறிந்துகொள்வதைக் காட்டினார். 1977இல் கொஸ்லோவ்ஸ்கியும் கட்டிங்கும் இம்முறையில் நடப்பவர் ஆணா பெண்ணா என்பதைத் தற்செயலை விஞ்சிய அளவில் காண்போர் கண்டறிவதை நிறுவினர். ஆயினும் பிழைகளும் கணிசமாகவே இருந்தன. தோரெசன் குழுவினரின் 2012ஆம் ஆண்டு ஆய்வு நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. நடையைக் கண்டு ஆளுமையை மதிப்பிட்டோர் தம்முள் பெரிதும் ஒத்துப்போயினர். ஆனால் அம்மதிப்பீடுகள் நடந்தவர்களின் ஆளுமையோடு ஒத்துப்போகவில்லை. எல்லாரும் ஒன்றுபோல் காண்கின்றனர் என்பதாலேயே கண்டது உண்மையாகிவிடாது.

நாட்டுவழக்கில் வேகமாக நடக்கும் பெண்ணை அடங்காதவள் என்பதும், கையை அசைத்துப் பேசும் ஆணைப் பெண்தன்மையன் என்பதும் இத்தகைய ஒத்த பிழைகளே. பெண் பார்க்கும் நிகழ்வில் நடந்துவரச் செய்து குணம் அறிந்ததாகக் கொண்ட வழக்கும் இதன்பாற்படும். இவற்றுக்குத் தொல்காப்பியத்தைச் சான்றாகக் காட்டுவோர், எட்டு மெய்ப்பாடுகளை இருபாலார்க்கும் பொதுவில் வைத்ததும் அதே நூல்தான் என்பதை மறந்துவிடுகின்றனர். கரணச் சிற்பங்களைச் சிற்பவியல், நாட்டியவியல் நோக்கில் ஆராய்ந்த நூல்கள் பல உள. மெய்ப்பாட்டியலோடு அவற்றை ஒப்பிட்டு, எந்தக் கரணம் எந்தச் சுவைக்குரிய உடலாக அமைகிறது என்று ஒவ்வொன்றாக ஆராயும் பணி தமிழ்த்துறையினர் முன் இருக்கிறது. தில்லையின் நான்கு கோபுரங்களையும் விருத்தாசலத்தையும் ஒருங்கே கொண்டு அப்பணியைத் தொடங்கலாம்.