வலம்புரி நட்டு, இடம்புரி நட்டு

கேள்வி: மாதிரி விமான எஞ்சினில் புரொப்பல்லரை ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது. அது கழலாதா? நட்டுக்குப் பசை போடும் வழக்கம் எங்கிருந்து வந்தது?
- கல்லூரி மாணவர், சாத்தான்குளம்

பதில்: தேரிக்காட்டுப் பிள்ளைகள் பனையோலைக் காற்றாடியை முள்ளில் குத்திக்கொண்டு ஓடுவார்கள். அங்கே ஓலை தளர்வாக இருந்தால்தான் சுற்றும். எஞ்சினில் நிலைமை தலைகீழ். தண்டுதான் புரொப்பல்லரைச் சுழற்றுகிறது. அதுவும் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல். பிடி இம்மியும் தளரக்கூடாது.

முத்துக்குளித்துறையில் எடுக்கும் சங்குகளில் வலம்புரி அபூர்வம். நட்டிலோ வலமாகத் திருகினால் இறுகும் வலம்புரிதான் சாதாரணம். இடம்புரியைத் தேடித்தான் வாங்க வேண்டும். பெரும்பாலான மாதிரி எஞ்சின்கள் முன்னால் நின்று பார்த்தால் இடப்பக்கமாகச் சுற்றுபவை. காற்று எதிர்த்துத் தள்ளுவதால் புரொப்பல்லர் தண்டைவிடச் சற்றுப் பின்தங்கப் பார்க்கும். அந்த இழுப்பு, வலமாக இறுகும் நட்டை மேலும் இறுக்கும் திசையிலேயே விழுகிறது. ட்ரோனில் பாதி மோட்டார்கள் வலமாகவும் பாதி இடமாகவும் சுற்றுவதால், பல ட்ரோன்களில் இரண்டு வகைப் புரியும் இருக்கும்.

அப்படியானால் ஆபத்து எப்போது? எஞ்சின் 'பேக் ஃபயர்' அடிக்கும் அந்த நொடியில். தண்டு சட்டென்று நின்றுவிடும், அல்லது எதிர்த்திசையில் உதைக்கும். புரொப்பல்லரோ பழைய வேகத்திலேயே ஓடப் பார்க்கும். நட்டு தெறிக்க, புரொப்பல்லர் வீச்சரிவாளாகப் பறந்து வரும்.

இந்தத் தலைவலி முதல் விமானத்துக்கே இருந்தது. ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். கழலாத பெடல் வேண்டும் என்று 1900-இலேயே இடது பெடலுக்கு இடம்புரி மரை போட்டவர்கள். அவர்களுக்கே 1903 நவம்பரில், கிட்டி ஹாக்கில், புரொப்பல்லர் தண்டின் பல்சக்கரங்கள் இறுக்க இறுக்கக் கழன்றன. கடைசியில் தண்டைச் சூடாக்கி, சைக்கிள் டயரை ரிம்மில் ஒட்டும் பசையை உருக்கி மரைக்குள் விட்டுத் திருகினார்கள். அதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. டிசம்பர் 17 அன்று விமானம் முதன்முதலாக 12 விநாடி பறந்தது. கைவசம் இருந்த பொருளிலேயே விடை கண்ட அந்தப் புத்தியை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

இன்று கடையில் கிடைக்கும் 'லாக்டைட்' வகைப் பசை, 1950-களில் அமெரிக்க வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் உருவாக்கியது. காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவமாகவே இருக்கும். மரைக்குள் காற்று கிடைக்காமல் போனதும் கெட்டியாகும். ஆனால் சில பிளாஸ்டிக்குகளை இது அரித்துவிடும், எச்சரிக்கை.

என்.சி.சி. விமானப் பிரிவில் மாதிரி விமானம் பறக்கவிடுகிறவர்கள் உட்பட எல்லோரும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. புரொப்பல்லரின் துளை தண்டுக்குக் கச்சிதமாகப் பொருந்த வேண்டும். கொறடு வேண்டாம், அளவான ஸ்பேனரால் இறுக்குங்கள். மேலே இன்னொரு நட்டைப் பூட்டாகப் போடுங்கள். மரப் புரொப்பல்லர் நசுங்கிக் கொடுக்கும், எனவே முதல் ஓட்டம் முடிந்ததும் மறுபடி இறுக்குங்கள். மயிரிழை விரிசல் கண்டாலும் ஒட்டவைக்காதீர்கள், தூக்கி எறியுங்கள். எஞ்சின் ஓடும்போது புரொப்பல்லருக்குப் பக்கவாட்டில் யாரையும் நிற்க விடாதீர்கள். நீங்களும் பின்னால் வந்துவிடுங்கள்.