‘டீன்’ எனும் பதவிப்பெயர்: மதுரை வட்டாரத் திருச்சபை, கல்வி வழக்குகளை முன்வைத்து ஒரு சொல்லாய்வு

மதுரையில் ‘டீன்’ என்று மட்டும் சொன்னால், கேட்போர் பனகல் சாலையிலுள்ள அரசு இராசாசி மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பாளரையே நினைப்பர். அதே நகரின் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தில் இப்பதவிப்பெயருக்கு நேரானவர் மறைவட்ட அதிபர். யானைமலை அடிவாரத்தில், ஒத்தக்கடையை அடுத்த வேளாண்மைக் கல்லூரியின் தலைவரும் டீனே. தன்னாட்சிக் கல்லூரிகளில் முதல்வருக்குக் கீழே பணியாற்றும் பேராசிரியரும் அப்பெயரைப் பெறுகிறார். இவர்களின் அதிகாரம் ஒரே அளவினது அன்று. இவர்களைக் குறிக்கத் தமிழில் வழங்கும் முதல்வர், முதன்மையர், தலைவர், அதிபர் என்னும் சொற்களும் ஒரே பொருளன அல்ல. முதல், முதன்மை என்பவை வரிசையில் முன்னிற்றலைக் காட்டுவன. அதிபர் என்பது ஆளுகையைக் காட்டுவது. இவ்வேறுபாடு மூலச்சொல்லின் வரலாற்றிலேயே உள்ளது என்பதே இங்கு நிறுவப்படுவது.

பத்தைக் குறிக்கும் இலத்தீன் எண்ணுப்பெயரிலிருந்து பிறந்தது ‘டெகானுஸ்’. உரோமப் படையில் ஒரே கூடாரத்தில் தங்கிய சிறு குழுவின் தலைவனுக்கு அது பெயராயிற்று. குழுவில் எண்மரே இருந்த காலத்தும் பெயர் மாறவில்லை. பதவிப்பெயர்கள் தம் எண்ணிக்கையை விரைவில் மறந்துவிடுகின்றன. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் வகுத்த துறவற ஒழுங்கின் 21ஆம் இயல், பெரிய மடங்களில் இத்தகைய பதின்மர் தலைவரை நியமிக்கச் சொல்கிறது. அவர்களை மூப்பு வரிசைப்படி அன்றி, வாழ்க்கைத் தகுதியும் ஞானமும் நோக்கித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. இச்சொல்லின் பிரெஞ்சு வடிவமான ‘துவாயேன்’ பிற்காலத்தில் ஒரு குழுவின் மூத்தவரையே குறிக்கலாயிற்று. ஒழுங்கு விலக்கிய மூப்பினைச் சொல் தானே மீட்டுக்கொண்டது எனலாம்.

தமிழில் இச்சொல்லுக்கான நேர்ப்பொருள் திருவிவிலியத்தில் கிடைக்கிறது. மோசே தனித்து நின்று வழக்குத் தீர்ப்பதைக் கண்ட அவருடைய மாமனார், ஆயிரவர், நூற்றுவர், ஐம்பதின்மர், பதின்மர் ஆகியோர்க்குத் தலைவரை ஏற்படுத்தச் சொல்லும் பகுதி யாத்திராகமத்தின் 18ஆம் அதிகாரத்தில் உள்ளது. எரோணிமுசின் இலத்தீன் மொழிபெயர்ப்பு இறுதி நிலையினரை ‘டெகானுஸ்’ என்ற சொல்லாலேயே குறிக்கிறது. சீர்திருத்தத் திருச்சபையாரிடம் வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் ‘அதிபதி’ என்னும் சொல்லை ஆள்கிறது. மறைவட்ட அதிபர் என்னும் கத்தோலிக்க வழக்கு அதிலிருந்து பிறந்தது எனக் கூறுவதற்கில்லை. ஆயினும், பதின்மர் தலைவனை ஆள்பவனாகக் காணும் போக்கு இரண்டிற்கும் பொது.

மதுரை 1938இல் மறைமாவட்டமாகவும் 1953இல் உயர்மறைமாவட்டமாகவும் ஆயிற்று. மறைமாவட்டம், மறைவட்டம் என்னும் பெயர்கள் வருவாய்த்துறையின் மாவட்டம், வட்டம் என்னும் பகுப்பை நினைவூட்டுகின்றன. வட்டத்திற்கு வட்டாட்சியர் இருப்பது போல மறைவட்டத்திற்கு அதிபர் இருக்கிறார் என்று எண்ணத் தோன்றும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்போ வேறு படத்தைத் தருகிறது. அதன் 553ஆம் விதி இப்பதவிக்கு டீன் என்பதையும் மாற்றுப்பெயராக ஏற்கிறது. 555ஆம் விதி பங்குகளின் பொதுப்பணியை ஒருங்கிணைத்தலை அவருக்குரிய கடமையாக்குகிறது. நோயுற்ற பங்குத்தந்தைக்கு உதவி கிடைக்கச் செய்தல், இறந்தவரின் அடக்கம் தகுதியுற நிகழச் செய்தல், அக்காலத்தில் பங்கின் பதிவேடுகள் தொலையாமல் காத்தல் ஆகியவையும் அவர் பொறுப்பே. இவை உடன்பணியாளர் செய்யும் பணிகள். கர்தினால்கள் குழுவின் டீனைப் பற்றிய 352ஆம் விதி இன்னும் வெளிப்படையானது: அவருக்கு ஏனைய கர்தினால்கள்மீது ஆளுகை இல்லை; அவர் சமமானோருள் முதல்வர். இந்நோக்கில் ‘அதிபர்’ என்னும் தமிழாக்கம் பதவியின் அளவை மிகுத்துக் காட்டுகிறது.

கல்விப்புலத்திற்கு இச்சொல் இடைக்காலப் பாரிசின் வழி வந்தது. அங்குக் கலைப்புலத்தை ரெக்டர் நடத்த, இறையியல், சட்டம், மருத்துவம் ஆகிய மேற்புலங்களுக்கு டீன்கள் இருந்தனர். அவர் அப்புலத்து ஆசிரியருள் ஒருவரே. 1954இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியின் டீன் இம்மரபின் பெயரைத் தாங்கினாலும், அரசால் நியமிக்கப்படுபவர். கல்லூரியும், முன்பு எர்ஸ்கின் மருத்துவமனை எனப்பட்ட இராசாசி மருத்துவமனையும் அவர் பொறுப்பில் அடங்கும். துணைமுதல்வர், மருத்துவக் கண்காணிப்பாளர், நிலைய மருத்துவ அலுவலர் ஆகியோர் அவருக்குக் கீழ்ப்பட்டவர். இங்கு ‘அதிபர்’ என்பதே பொருந்தும். ஆனால் அச்சொல்லை எவரும் ஆள்வதில்லை. நாளிதழ்கள் ஒரே பதவியை ‘டீன்’, ‘முதல்வர்’, ‘முதன்மையர்’ என மாறிமாறி எழுதுகின்றன.

குழப்பம் கலைக் கல்லூரியில் முற்றுகிறது. அங்கு முதல்வர் என்பவர் பிரின்சிபல். 1978இல் தமிழகத்தில் தன்னாட்சி பெற்ற முதற் கல்லூரிகளுள் மதுரை அமெரிக்கன் கல்லூரியும் ஒன்று. தன்னாட்சி முறையில் பாடத்திட்டம், தேர்வு, ஆய்வு ஆகியன கல்லூரியின் பொறுப்பாக, டீன் பதவிக்கும் இடம் உண்டாயிற்று. எனவே மருத்துவக் கல்லூரியில் எல்லார்க்கும் மேலானவரைச் சுட்டும் டீன் என்னும் பெயர், கலைக் கல்லூரியில் முதல்வர்க்குக் கீழ்ப்பட்டவரைச் சுட்டுகிறது. டீனுக்கு ‘முதல்வர்’ என ஒரே நிகரன் தரும் கலைச்சொல் பட்டியல், இவ்விரண்டாம் இடத்தில் பொய்த்துப்போகிறது. புலத்தலைவர், புலமுதன்மையர் என்னும் பல்கலைக்கழக வழக்குகள் அவ்விடத்திற்கு ஏற்றவை. புலம் என்னும் முன்னொட்டு அதிகார எல்லையை வரையறுத்துவிடுகிறது.

ஈழத்து வழக்கு இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறது. யாழ்ப்பாண மறைமாவட்டத்தில் டீன் மறைக்கோட்ட முதல்வர், பல்கலைக்கழகத்தில் பீடாதிபதி. அங்கு அதிபர் என்றால் பள்ளித் தலைமையாசிரியர். தமிழகத் திருச்சபை அதிபரைக் கொள்ளும் இடத்தில் யாழ்ப்பாணம் முதல்வரைக் கொள்கிறது. தமிழகக் கல்வித்துறை முதன்மையரைக் கொள்ளும் இடத்தில் அது அதிபதியைக் கொள்கிறது. பீடம் என்பது புலத்திற்கு நேரான நல்ல சொல்லே. ஆயினும் தெற்காவணி மூல வீதியில் ஆதீன மடம் அமைந்த மதுரையில், கலைப்பீடாதிபதி என்ற பெயர்ப்பலகையைக் காண்பவர் முதலில் தேடுவது காவியுடையை.