நல்லம்மாள்

ஏற்காட்டு மலையிலும் அதன் அடிவாரத்துச் சேலம் சிற்றூர்களிலும் பாட்டிமார் பலருக்கு நல்லம்மாள், நல்லாயி என்று பெயருண்டு. பேத்திக்கு அதனை வைக்க இன்று தயங்குகின்றனர், பட்டிக்காட்டுப் பெயராம்! அதன் வயதை அறிந்தால் அவ்வாறு சொல்லார்.

சங்கப் புலவர்தம் பெயர்களை நோக்குக. நக்கண்ணையார், நப்பசலையார், நச்செள்ளையார் ஆகிய மூவரும் பெண்பாற் புலவர். இப்பெயர்களின் முதலில் நிற்கும் 'ந' என்பது நன்மை, சிறப்பு என்னும் பொருள் தரும் முன்னொட்டு; நக்கீரர் பெயரிலும் அதுவே உள்ளது. செள்ளை என்பது இயற்பெயர். நச்செள்ளை என்றால் நல்ல செள்ளை. காக்கைபாடினியார் என்றும் போற்றப்படும் இவரே பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடியவர். அதற்காகச் சேர மன்னன் ஆடுகோட்பாட்டுச் சேரலாதன், அணிகலனுக்கென 9 காப் பொன்னும், 1,00,000 காணமும் அளித்தான் என அந்நூற் பதிகம் கூறும். நல்லம்மாளின் முன்னோர் இத்தகையோர்!

'நல்' என்பது ஒழுக்கத்தை மட்டும் சுட்டும் சொல்லன்று. நலம் என்பதில் அழகும் அடங்கும், இன்பமும் அடங்கும். (நாகத்தையும் நல்ல பாம்பு என்றோம், அது அச்சத்தில் பிறந்த மரியாதை.)

பசிக் கொடுமையால் ஏழு பிள்ளைகளுடன் கிணற்றில் மாய்ந்தவள் நல்லதங்காள். அக்கதையால் இப்பெயர்மீது துயரத்தின் நிழலும் படிந்தது. ஆயினும், அந்நாடகத்தை விடிய விடியப் பார்த்து அழுத தாய்மாரே தம் மகளிரை நல்லம்மாள் என்று அழைத்தனர்.